கையெழுத்து வாங்கினால் ஆள் வெளியே வருவாரா?

ஏரிக்கரை:

எங்கள் ஊர் ஏரியில் அளவுக்கு மேல் மண் அள்ளுவதைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு டெய்லர் அண்ணன். போன மாதம் ஏதோ அடிதடி வழக்கு என்று பிடித்துப் போனார்கள். ஜாமீன் கிடைக்கிற நேரம் பார்த்துக் குண்டர் சட்டம் போட்டுவிட்டார்கள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து, அவரை விடச் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம் என்றிருக்கிறோம். எங்கள் மாமா, "வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்ளாதே" என்கிறார். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? படிவத்தில் என்ன எழுத வேண்டும்? போன் நம்பர் வாங்கலாமா?

சும்மா பாக்குறவன்:

பயன் கிடையாது. ஆயிரம் கையெழுத்தோடு கலெக்டர் ஆபீஸ் போனால் தபால் பிரிவில் ஒரு சீல் குத்தித் தருவார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வக்கீல் பீஸுக்குக் காசு சேருங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரன், வேலூர்:

காசு சேர்க்கச் சொன்னது சரி. சீலைப் பற்றிச் சொன்னது சரியில்லை. தேதியோடு குத்திய சீல் கையில் இருந்தால் அது ஒரு சொத்து. அதை வக்கீல் யாராவது வந்து சொல்லட்டும், நான் என் கதையைச் சொல்கிறேன்.

வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சந்தில் இருபது வருஷம் கடை போட்டிருந்தேன். 2008 மே மாதம் இரண்டு பயிற்சி டாக்டர்கள் ஒரு படிவத்தோடு வந்து ஐந்நூறு காப்பி கேட்டார்கள். தலையில் தடித்த எழுத்தில் டாக்டர் பிநாயக் சென் அவர்களை விடுதலை செய் என்று இருந்தது. யார் என்று கேட்டேன். சி.எம்.சி.யில் படித்தவர், சத்தீஸ்கரில் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஆதிவாசிகளுக்கும் வைத்தியம் பார்த்தவர், 2004இல் கல்லூரியே விருது கொடுத்த ஆள், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் பொறுப்பில் இருப்பவர் என்றார்கள். 2007 மே 14 அன்று பிலாஸ்பூரில் பிடித்திருக்கிறார்கள். ராய்ப்பூர் ஜெயிலில் இருந்த ஒரு மாவோயிஸ்ட் தலைவரின் கடிதங்களை வெளியே கொண்டுபோனார் என்று குற்றச்சாட்டு. ஜெயில் அனுமதியோடு, காவலர்கள் கண் முன்னால்தான் அவரைப் பார்த்தேன் என்று டாக்டர் தரப்பு சொன்னது.

அந்த முதல் படிவம் ஓடவில்லை, தம்பி. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு கட்டு வைத்திருந்தேன். போராளி என்கிற சொல்லைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து மாற்றி எழுதிக் கொண்டு வந்தார்கள். கோஷமெல்லாம் போய்விட்டது. எங்கே படித்தார், எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், எந்தத் தேதியில் பிடித்தார்கள், எந்தச் சட்டம், இன்றோடு எத்தனை நாள், அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வங்காளிகள், தெரியுமே. நோயாளிக்குத் துணைக்கு வந்த ஒருவர் அதைக் கையாலேயே வங்காளத்தில் எழுதித் தந்தார். அந்தக் காப்பிதான் வேகமாகத் தீர்ந்தது. ஆகவே உன் படிவத்தில் மாவீரர், சமூகப் போராளி எதுவும் வேண்டாம். டெய்லர், இன்ன தெரு, இத்தனை மனு போட்டார், இன்ன தேதி என்று எழுது. படிக்கிறவனுக்குத் தெரிந்த ஆள் ஆகிவிடுவார்.

இனி பயன் உண்டா என்பதற்கு வருகிறேன். அந்த மே மாதமே நோபல் பரிசு வாங்கிய 22 பேர் சேர்ந்து நம் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். டாக்டருக்கு அமெரிக்காவில் ஜோனதன் மான் விருது அறிவித்திருந்தார்கள், அதை நேரில் வாங்க அவரை விடுங்கள் என்று. அந்தக் கடிதத்தையும் நான்தான் காப்பி போட்டேன். விடவில்லை. 22 நோபலுக்கே திறக்காத கதவு என் ஐந்நூறு காப்பிக்கா திறக்கும் என்று நானும் நினைத்தேன். அதற்கு முன்பே, 2007 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் மறுத்திருந்தது. மனித உரிமை நாளாகப் பார்த்து!

ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. 2009இல் ராய்ப்பூரில் வாரா வாரம் திங்கட்கிழமை ஆட்கள் போய்க் கைதானார்கள். டாக்டருக்கு இருதயக் கோளாறு, வேலூருக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் மே 25 அன்று ஜாமீன் வந்தது. அப்பாடா என்றிருந்தால், 2010 டிசம்பர் 24 அன்று ராஜத்துரோகம் என்று ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரல் 15 அன்று மறுபடி உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. காந்தியின் சுயசரிதை வீட்டில் இருந்தால் காந்தியவாதி ஆகிவிடுவாரா என்கிற மாதிரி நீதிபதி கேட்டதைப் பேப்பரில் படித்தேன். விசாரணையில் ஒரு கூத்தும் நடந்தது. டாக்டரின் மனைவி இலினா எழுதிய மின்னஞ்சலில் ஐ.எஸ்.ஐ. என்று இருந்ததாம். அது டெல்லியில் இருக்கிற இந்தியன் சோஷியல் இன்ஸ்டிட்யூட். அரசுத் தரப்பு அதைப் பாகிஸ்தான் உளவுத்துறை என்கிற அர்த்தத்தில் பேசியது. சாட்சியம் இந்த லட்சணம் என்று ஊரெல்லாம் தெரிந்ததற்குக் காரணம், வெளியே ஆட்கள் அதை எடுத்துப் பேசிக்கொண்டிருந்ததுதான். கதவைத் திறப்பது கோர்ட்டு. உள்ளே இருப்பவரை மறக்க விடாமல் வைப்பது நீங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல். டாக்டரோடு அதே நாளில் அதே ஆயுள் தண்டனை வாங்கியவர் கொல்கத்தா வியாபாரி பீயூஷ் குஹா. ஆயிரக்கணக்கில் காப்பி போட்டேனே, என் கடைக்கு வந்த எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் டெய்லரோடு வேறு யாரையாவது பிடித்திருக்கிறார்களா என்று பார்.

போன் நம்பர் வாங்காதே. வீட்டு எண்ணும் வேண்டாம். பெயர், ஊர், தொழில் போதும். கையெழுத்துத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற பையனை முதலில் குழுவை விட்டு வெளியே வை. எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் வீட்டம்மாவைப் போய்ப் பார்த்துக் கேள்.

கோர்ட்டு வாசல்:

ஜெராக்ஸ் ஐயா சொன்ன சீல் விஷயம். குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் 14. விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை வைக்கலாம். கலெக்டரோ கமிஷனரோ போட்ட உத்தரவை அரசு 12 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வாரத்தில், உத்தரவு சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுமத்துக்குப் போக வேண்டும், குழுமம் ஏழு வாரத்தில் அறிக்கை தர வேண்டும். 12 நாள் என்பது உத்தரவு போட்ட தேதியிலிருந்து, வாரக் கணக்கு காவலில் வைத்த தேதியிலிருந்து. இதற்கிடையில் குடும்பத்தார் பெயரில் ஆட்சேப மனு போக வேண்டும், பதிவுத் தபாலில், கலெக்டருக்கும் உள்துறைச் செயலருக்கும். அந்த மனுவைக் காரணமில்லாமல் இழுத்தடித்தார்கள் என்று காட்டினாலே உயர் நீதிமன்றத்தில் பல காவல் உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. தபால் ரசீது, சீல், தேதி இல்லாமல் எதைக் காட்டுவீர்கள்?

2017 ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மேல் இதே சட்டம்தான் பாய்ந்தது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்போதும் வெளியே ஆர்ப்பாட்டம், உள்ளே ஆட்கொணர்வு மனு என்று இரண்டும் சேர்ந்தே நடந்தன. உங்கள் படிவத்தில் அடிதடி வழக்கின் சாட்சிகள் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், மிரட்டல் என்று அதற்கு ஒரு வழக்கு வரும்.

சும்மா பாக்குறவன்:

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி நம் திருச்சிப் பக்கத்துக்காரர். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும், தம்ளரைப் பிடிக்க முடியாது. 2020இல் ஜெயிலில் ஒரு உறிஞ்சு குவளை கேட்டதற்குப் பதில் சொல்லவே, அவரைப் பிடித்த தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) 20 நாள் கேட்டது. ஜனங்கள் ஆன்லைனில் குவளை குவளையாக வாங்கி அனுப்பினார்கள். கடைசியில் குவளை கிடைத்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் காவலிலேயே போய்விட்டார். அதனால்தான் எனக்கு இந்த வெறுப்பு.

ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று அண்ணி வீட்டுக்குப் போனோம். கையெழுத்து வாங்குங்கள், ஆனால் பிள்ளைகள் படம் எங்கேயும் வரக் கூடாது என்றார். போன வாரம் ஜெயிலில் மனு போட்டு அவரைப் பார்க்கப் போனபோது, பள்ளிக்கூட யூனிபார்ம் நாலு செட் பட்டன் வைக்காமல் கிடக்கிறது, கொடுத்துவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டாராம் அண்ணன். அவரோடு பிடித்தவர் இன்னொருவர் இருக்கிறார், டிராக்டர் ஓட்டுகிற பையன். ஜெராக்ஸ் ஐயா சொல்லும்வரை அவனை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவன் பெயரும் படிவத்தில் வருகிறது.

இன்னொரு சந்தேகம். குண்டர் சட்டத்தில் ஏன் வைத்தோம் என்று ஜெயிலில் அண்ணனிடம் கொடுத்த ஆவணப் புத்தகத்தை அண்ணி வாங்கி வைத்திருக்கிறார். அதில் 47ஆம் பக்கமும் அடுத்த இரண்டு பக்கமும் மை அப்பியது போல் கறுப்பாக இருக்கின்றன, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. நல்ல காப்பி கேட்டு வாங்கலாமா?

கோர்ட்டு வாசல்:

வேண்டாம்! படிக்க முடியாத பக்கம் கொடுத்தார்கள் என்பதற்காகவே ரத்தான உத்தரவுகள் ஏராளம். நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் வக்கீலிடம் அதைக் காட்டுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரன், வேலூர்:

இருபது வருஷம் இந்த மாதிரி கறுப்புப் பக்கத்துக்குத் திட்டு வாங்கியவன் நான். தம்பி, அந்தப் புத்தகத்தில் பென்சிலால்கூடக் கோடு போடாதே. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அப்படியே கொண்டு போ. படிவத்தை ராத்திரி எனக்கு அனுப்பு, ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டித் தருகிறேன்.