மேகாலயா மலை டௌகி பக்கம் ஏன் சுவர் மாதிரி முடிகிறது?

வழிப்போக்கன்:
பிப்ரவரியில் ஷில்லாங்கிலிருந்து டௌகி போனோம். வழியெல்லாம் மட்டமான புல்வெளி, அப்புறம் திடீரென்று கிடுகிடு பள்ளம், கீழே ஒரு மேடுகூட இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் வங்கதேசம். ஷில்லாங் சிகரம் 1,960 மீட்டருக்கு மேல், கீழே வங்கதேசத்தின் சில்ஹெட் சமவெளியோ கிட்டத்தட்ட கடல் மட்டம். இது இமயமலையின் தொடர்ச்சிதானே? ஏன் இப்படி வெட்டி விட்டது போல முடிகிறது?

கூழாங்கல்:
பாறையைப் பார்த்தால் இது இமயமலை இல்லைங்க, நம் தென்னிந்தியாவின் சொந்தம். அடியில் கிடப்பது அதே மாதிரிப் பழைய நைஸும் (வரிவரியாக இருக்கும் உருமாறிய பாறை) கிரானைட்டும்தான். ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளுக்கும் மேகாலயாவின் மேற்கு ஓரத்துக் காரோ மலைக்கும் நடுவே தாழ்ந்துபோன பகுதியைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டல் போட்டு மூடிவிட்டதால் இந்த மேடு தனித்து நிற்கிறது. நீங்கள் பார்த்த சுவர் டௌகி பிளவு, அதாவது பாறை உடைந்து இருபக்கமும் நகர்ந்த கோடு. அதன் வடபக்கம் மேலே தள்ளப்பட்டது, தென்பக்கம் தாழ்ந்து கிலோமீட்டர் கணக்கில் வண்டல் சேர்ந்தது. நாட்டு எல்லையும் ஏறக்குறைய அந்த அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. நிலம் இன்னும் அடங்கவில்லை. 1897 ஜூன் 12 நிலநடுக்கத்தில் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமாயின, மண்ணில் பதிந்திருந்த கற்கள் எகிறி விழுந்ததை நிலவியலாளர் ஓல்டாம் எழுதி வைத்திருக்கிறார்.

மழைக்காரி:
அந்தச் சுவர்தான் மழைக்கும் காரணம், அதை விட்டுவிடாதீர்கள். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியில் தடையில்லாமல் வந்து முட்டும் முதல் மேடு இது. சோராவில் (சிரபுஞ்சி) 1995 ஜூன் 16 அன்று ஒரே நாளில் 1,563 மி.மீ., சென்னைக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,400. இவ்வளவு பெய்தும் தை மாதத்தில் அங்கே பெண்கள் ஊற்றருகே கேனோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. மேல்மண்ணை மழையே அடித்துப் போய்விட்டது, விழுகிற தண்ணீர் சுண்ணாம்புக்கல் குகை வழியாகவும் அருவியாகவும் நிற்காமல் வங்கதேசம் போய்விடுகிறது.

வழிப்போக்கன்:
சரி, சோரா பக்கத்து ஆர்வா சுண்ணாம்புக்கல் குகைச் சுவரில் சிப்பி மாதிரி வரிகள் கையில் தட்டுப்பட்டன. அங்கே கடலா இருந்தது?

கூழாங்கல்:
ஆமாம், 5 கோடி வருஷம் முன்பு அந்தத் தென்விளிம்பு ஆழமில்லாத கடல், மேடு எழுந்தது ரொம்பப் பிற்பாடு. அடுத்த முறை டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள், கண்ணுக்குத் தெரியாத வரிகளும் நிழலில் எழும்பி வரும்.