அப்பாவின் டூரிங் டாக்கீஸ் போஸ்டர்கள்: லேமினேஷன் செய்யலாமா?

கொட்டகைக்காரர் மகள்:

வணக்கம். என் அப்பா அறந்தாங்கிப் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். கீரமங்கலம், ஆவுடையார்கோயில், மணமேல்குடி என்று உரிமம் முடிய முடியக் கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார். சென்ற மாதம் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே 43 சினிமா போஸ்டர்கள். படப்பெட்டியோடு வந்தவற்றில் ஒட்டியது போக மிஞ்சியதை எறிய மனம் வராமல் எட்டாக மடித்து அடுக்கியிருக்கிறார்.

படங்களைவிட என்னை உட்கார வைத்துவிட்டவை அவற்றின் பின்பக்கங்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் பென்சில் எழுத்து. "நாடோடி மன்னன்" போஸ்டரின் பின்னால், "மணமேல்குடி. 4 நாள். மூன்றாம் நாள் மழை. தரை 25 ந.பை." என்றிருக்கிறது, தரை டிக்கெட் விலை அது. இன்னொன்றில், எஞ்சின் நின்றுபோய்ப் பாதிப் படத்தில் எல்லோருக்கும் காசு திருப்பிக் கொடுத்த கணக்கு. அப்பா நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். அவர் எழுத்து என்று எங்களிடம் இருப்பது இது மட்டும்தான்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். மடிப்புகள் கிழிகின்றனவே என்று ஒரு போஸ்டரைப் பிரேம் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். லேமினேஷன் செய்தால் நூறு ஆண்டு இருக்கும் என்றார்கள், செய்துவிட்டேன். திரும்பி வந்தபோது ஒரு மூலை சுருங்கி, மடிப்பு ஓரங்களில் நிறம் கறுத்திருந்தது. பின்பக்க எழுத்தைப் படிக்க முடியவில்லை. இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. மீதி 42 இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது? இரண்டில் கரையான் அரித்திருக்கிறது, சிலவற்றில் பழைய செல்லோடேப் பழுப்பேறிக் கிடக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைண்டிங் மேசை:

அம்மா, முதலில் அந்த லேமினேஷனை உரிக்க முயலாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கியிருக்கும். இழுத்தால் மையும் சேர்ந்தே வரும். அப்படியே தட்டையாக வைத்துவிடுங்கள். மற்ற 42ஐக் கடைப்பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். நான் நூலகம் ஒன்றின் பைண்டிங் பிரிவில் 30 ஆண்டு வேலை பார்த்தவன். லேமினேஷன் செய்த ஆவணங்கள் உள்ளுக்குள்ளேயே பழுப்பேறி நொறுங்கிக் கிடந்ததைப் பல முறை கையில் எடுத்திருக்கிறேன்.

காரணம் தாளிலேயே இருக்கிறது. போஸ்டர் இரண்டு வாரம் சுவரில் நின்றால் போதும் என்று மலிவான மரக்கூழ்த் தாளில் அடித்தார்கள். அந்தக் கூழில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் நீங்காமல் இருக்கும். மை ஊறிப் பரவாமலிருக்க ஆலையில் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்ப்பார்கள். இவை நாளாவட்டத்தில் அமிலத்தை உண்டாக்கித் தாளின் நாரை அறுக்கின்றன. வெப்பமும் ஈரமும் அதை விரைவாக்குகின்றன. பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஒட்டினால் அமிலமும் உள்ளேயே அடைபட்டுவிடும், பிறகு சிகிச்சை செய்வதும் மிகக் கடினம்.

பெட்டியிலிருந்து எடுத்துவிட்டீர்கள், அதுவே பாதி வைத்தியம். பரண் வீட்டிலேயே அதிகம் சூடேறும் இடம், இரும்புப் பெட்டியின் துருவும் தாளில் இறங்கும். ஒவ்வொன்றாக, பெரிய மேசையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள். கை கழுவி ஈரம் போகத் துடைத்திருந்தால் போதும். மடிப்பு முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் தெளிப்பது, இஸ்திரி போடுவது இரண்டும் கூடாது. மேலும் கீழும் மையொற்றுத் தாள் வைத்து, அதன்மேல் கண்ணாடித் தகடோ பலகையோ வைத்து ஒரு வாரம் விடுங்கள், தானாகப் படியும். தூசியை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பின்பக்கத்தில் அழிரப்பர் படவே கூடாது.

செல்லோடேப்பைத் தொடாதீர்கள். கிழிசலை இப்போதே ஒட்டியாக வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். அதற்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவின் ஸ்டார்ச்சை மட்டும் பிரித்துக் காய்ச்சிய பசையும் வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். நாங்கள் தொடக்க காலத்தில் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், கலந்தோம். அந்தச் செம்பு பிற்பாடு தாளைத்தான் அரித்தது. நான் ஒட்டிய புத்தகங்களிலேயே அதைக் கண்டேன், இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

துணியில் ஒட்டி விறைப்பாக்கும் முறை ஒன்று உண்டு, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் செய்வது. உங்கள் போஸ்டர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். உங்கள் அப்பா பின்னால் எழுதியது மறைந்துபோகும். பாலியெஸ்டர் படலம், மைலார் என்று கேட்டால் கிடைக்கும், அதில் இரண்டு ஓரம் திறந்த உறை தைத்துப் போடுங்கள். பிவிசி உறை ஆகாது, சில ஆண்டுகளில் பிசுபிசுத்து மையோடு ஒட்டிக்கொள்ளும். மைலாருக்குள் இருந்தால் இரண்டு பக்கமும் தெரியும், தாளைத் தொடாமலே படிக்கலாம்.

மதுரை மேலமாசி வீதி:

வணக்கம் அக்கா. பாதுகாப்பைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் 20 ஆண்டாகப் போஸ்டரும் பாட்டுப் புத்தகமும் சேர்ப்பவன். உங்களுடையவை எந்த ஆண்டில் அச்சானவை என்று கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். படம் வந்த ஆண்டும் போஸ்டர் அச்சான ஆண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் திரும்பத் திரும்ப வெளியாகின, ஒவ்வொரு முறையும் புதிதாக அடித்தார்கள்.

அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். அதில் "சென்னை-1" என்பதுபோல் வெறும் தபால் வட்ட எண் இருந்தால் பெரும்பாலும் பழையது. "600 001" என்று ஆறு இலக்கம் இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு அச்சானது, ஏனென்றால் பின்கோடு வந்ததே அன்றைக்குத்தான். அடுத்து எழுத்தைப் பாருங்கள். "கலை", "துணை" போன்ற சொற்களில் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய லை, ணை இருக்கிறதா? 1978 அக்டோபரில்தான் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. புதிய வடிவம் இருந்தால் அதற்குப் பிந்தியது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பழைய வடிவத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, பழகிய கை பல ஆண்டு பழையதையே எழுதியது.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். புள்ளிகள் வரிசையாக, பூப்போல அடுக்கியிருந்தால் புகைப்படத்திலிருந்து எடுத்த ஆஃப்செட் அச்சு. மாக்கட்டியால் தேய்த்ததுபோல் ஒழுங்கற்ற பொரிகள் இருந்தால், ஓவியர் ஒவ்வொரு நிறத்துக்கும் கையால் வரைந்த லித்தோ அச்சு. அந்தப் பொரியை முதன்முதலில் லென்ஸில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. கதாநாயகியின் கன்னத்துச் சிவப்பை யாரோ ஒருவர் அத்தனை பொறுமையாக வைத்திருக்கிறார்.

உங்கள் அப்பாவின் "ந.பை." அருமையான தடயம். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் "நயா" போய்விட்டது. "நாடோடி மன்னன்" 1958 ஆகஸ்டில் வெளியானது. பேச்சுவழக்கில் அந்தச் சொல் பின்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கும், என்றாலும் அச்சக வரியில் வட்ட எண் மட்டும் இருந்தால் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது.

எதையும் விற்கும் எண்ணத்தில் வருபவர்களிடம் இப்போது காட்டாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்துகொண்டே ரோஜா முத்தையா என்ற மனிதர் சேர்த்த சேகரிப்பின்மேல் அந்த நூலகம் 1994இல் எழுந்தது. நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் மதித்துச் சேர்த்தவர் அவர். இப்படிப்பட்ட தாளின் அருமை அங்கே தெரியும், ஆலோசனை கேளுங்கள்.

கொட்டகைக்காரர் மகள்:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வேன். ஐயா, கரையான் அரித்த இரண்டையும் தனியே வைத்துவிட்டேன். ஒரு மடிப்பில் இராமபாணப் பூச்சியும் ஓடியது. அந்துருண்டை போடலாமா? கூடத்தில் ஒன்றையாவது மாட்டவும் ஆசை.

பைண்டிங் மேசை:

அந்துருண்டை வேண்டாம், அந்த நெடி உங்களுக்கும் கேடு. வேப்பிலையும் தாளோடு சேர்க்க வேண்டாம், கறை இறங்கும். பூச்சி உள்ளவற்றை இரண்டு பாலித்தீன் பைகளில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மடித்தபடியே வைக்கலாம். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும்.

கூடத்தில் நகலை மாட்டுங்கள். நல்ல கேமராவில் எடுத்து அதே அளவில் அச்சடித்தால் போதும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளிச்சம் வெளிச்சம்தான், போன நிறம் திரும்பி வராது. அசலைத் தரையிலிருந்து உயரமாக, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள்.

கொட்டகைக்காரர் மகள்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். 42இன் இரண்டு பக்கங்களையும் படமெடுத்தாகிவிட்டது. "நாடோடி மன்னன்" அடியில் சென்னை-1 என்றுதான் இருக்கிறது. ஆனால் "கர்ணன்" போஸ்டர் 1964இல் அச்சானது என்று நினைத்திருந்தேன், லென்ஸில் பார்த்தால் ஆறு இலக்கப் பின்கோடு. முதலில் மனம் சோர்ந்தது. பிறகு திருப்பிப் படித்தேன். "ஆவுடையார்கோயில். 6 நாள். இரண்டாம் ஆட்டத்துக்கு நான் இல்லை. பையன் பிறந்தான்" என்று எழுதியிருக்கிறார். என் தம்பி பிறந்தது 1973இல். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறான், அந்த ஒன்றை மட்டும் மைலார் உறையோடு பின்பக்கம் மேலாக மேசையில் வைத்திருக்கிறேன்.