டாலஸ் விமானக் காட்சி விபத்து: பட்டப்பகலில் மோதியது எப்படி?

கேள்வி:
2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த விமானக் காட்சியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 கிங்கோப்ரா போர் விமானமும் மோதியதில் 6 பேர் உயிரிழந்தனர். நான்கு என்ஜின் கொண்ட அத்தனை பெரிய விமானம், பின்னால் வந்த விமானியின் கண்ணில் படாமல் போனது எப்படி?

பதில் 1:
கிங்கோப்ரா இடப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் பி-17இன் இறக்கைக்குச் சற்றுப் பின்னால், அதன் இடப்பக்கத்தில் மோதியது. அவ்வாறு திரும்புகையில் சொந்த விமானத்தின் பாகங்களே பார்வையை மறைத்துவிடும். போதாக்குறைக்கு, முன்னால் செல்லும் போர் விமானங்களைத் தவறவிடாமல் தொடரவும் வேண்டும்.

பதில் 2:
விமானியின் கண்ணைக் குறை சொல்வது எளிது. பார்வையாளர் பக்கமிருந்து 500 அடி தொலைவிலுள்ள கோட்டில் போர் விமானங்களும் 1,000 அடி தொலைவிலுள்ள கோட்டில் குண்டுவீச்சு விமானங்களும் பறக்குமாறு வானொலியில் கூறப்பட்டதே தவிர, யார் எந்த உயரத்தில் பறப்பது என்பது முன்கூட்டியும் பேசப்படவில்லை, வானிலும் சொல்லப்படவில்லை. முன்னரே வகுத்த இடைவெளித் திட்டம் இல்லாததையே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதன்மைக் காரணமாகக் குறிப்பிட்டது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால், உயரத்தை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தாலும் பாதைகள் குறுக்கிட்டபோது மோதல் நேர்ந்திராது அல்லவா?

பதில் 2:
ஆம், அந்த உயரங்களை இரு தரப்பும் பிசகாமல் கடைப்பிடித்திருந்தால்.