சுகர் இருக்கறவங்களுக்கு சுக்ரலோஸ் போட்டு அதிரசம் சுடலாமா?

கோவை மருமக:
மாமாவுக்கு டைப் 2 சுகர். காபிக்கு சர்க்கரைக்கு பதிலா சுக்ரலோஸ்ங்கற இனிப்பு மாத்திரைதான், அது பழகிடுச்சு. இப்ப தீபாவளி வருது, அதிரசம் வேணும்னு ஒரே பிடிவாதம், கடையில சுக்ரலோஸ் பவுடர் பார்த்தேன் சமையலுக்கும் போடலாம்னு எழுதியிருக்கு, அதை வெச்சு சுட்டா வருமா? நாத்தனார் வேற கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருக்காங்க.

அடுப்படி ராணி:
வராதுங்க. அதிரசமே பாகு பதத்துலதான் நிக்குது, சுக்ரலோஸ்ல பாகு எப்படி வரும்? அது சர்க்கரையை விட சுமார் 600 மடங்கு இனிப்பு, துளியூண்டு போதும், அதனால பாக்கெட்டை ரொப்ப மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கற மாவுச்சத்து பவுடர் மாதிரி எதையாவது கலந்திருப்பாங்க. அதுவும் சுகரை ஏத்தும், பின்னாடி திருப்பி படிச்சு பாருங்க.

லேப் கோட்டு:
எண்ணெயில போடறதும் வேண்டாம். சுக்ரலோஸ்ங்கறதே சர்க்கரையில மூணு குளோரின் அணுவை ஏத்தி பண்றதுதான். 120 டிகிரிக்கு மேல சூடானா குளோரின் சேர்ந்த வேண்டாத பொருள்லாம் உருவாகலாம்னு ஜெர்மனி அரசோட உணவு பாதுகாப்பு ஆளுங்க 2019லயே சொல்லிட்டாங்க. காபி, பாயசம்லாம் 100 டிகிரி பக்கம்தான், பயமில்ல.

கேன்சர் மெசேஜ் அனேகமா அஸ்பார்டேம் பத்தினது, அது வேற ஒரு செயற்கை இனிப்பு. 2023ல WHOல (உலக சுகாதார அமைப்பு) அதை கேன்சர் "வரலாம்"ங்கற லிஸ்ட்ல சேர்த்தாங்க, ஆனா உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் வரை எடுத்துக்கலாம்ங்கற அளவை மாத்தவே இல்ல, இதை மட்டும் எந்த ஃபார்வேர்டும் சொல்லாது 😀

வெயிட்டு குறையல:
அதே 2023ல WHO எடை குறைக்க இந்த ஸ்வீட்னர்லாம் வேண்டாம்னுச்சே?

லேப் கோட்டு:
ஆமா, ஆனா ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு அந்த அட்வைஸ் இல்லன்னும் அதுலயே இருக்கு. சென்னையில சுகர் டாக்டர் மோகன் டீம் சுகர் பேஷண்டுங்களுக்கு காபி டீல சர்க்கரைக்கு பதிலா சுக்ரலோஸ் குடுத்து 12 வாரம் பார்த்தாங்க, சுகர் ஏறல, எடை கொஞ்சம் இறங்கிச்சு. ஆனா அது காபி டீ கதை. அதிரசத்துல வெல்லத்தை எடுத்தாலும் பச்சரிசி மாவு அப்படியேதானே இருக்கு?

கோவை மருமக:
அப்ப ஜவ்வரிசி பாயசம் பண்ணி அதுல போட்டுடவா?

அடுப்படி ராணி:
ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்துதாங்க, அதுவும் சுகரை ஏத்தும் 🙏 பேசாம வெல்லத்துலயே சின்னதா ஒண்ணு சுட்டு குடுங்க, அன்னிக்கு சாதத்தை குறைச்சுக்கட்டும். எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.