சீனத் திருமண விருந்துச் செலவு: சிங்கப்பூரில் அனுபவப்பட்டவர்கள் உதவவும்

வணக்கம். என் தம்பி சிங்கப்பூர்ச் சீனப் பெண்ணை மணக்கிறான். கோயில் கல்யாணக் கணக்கு எங்களுக்கு அத்துப்படி. தலை சுற்றுவது ஹோட்டல் விருந்தில்தான்.

மேசைக்குப் பத்துப் பேர், 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். 20 மேசைக்கு 36,000தானே என்று நிம்மதியாக இருந்தோம். 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 9% பொருள் சேவை வரியும் சேர்த்தால் 43,164 வெள்ளி! ஆளுக்கு ஏறத்தாழ 216.

சீன விருந்தினர் 'அங் பாவ்' எனும் சிவப்புப் பண உறையில் தங்கள் இருக்கைக்கான தொகையை ஓரளவு ஈடுகட்டுவார்கள் என்று பெண் வீட்டார் சொல்கிறார்கள். நம் உறவினர் 50 வெள்ளி மொய் வைத்தாலே பெரிது. ஆக, எவ்வளவு திரும்பி வரும் என்று கணக்கில் எழுதலாம்? ஒன்றுமே வராது என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் கட்சி. தம்பி கேட்பதாக இல்லை.

பெண் வீட்டுக்கு நாம் கொண்டுபோகும் 'குவோ தா லி' சீர்வரிசையில் ஆரஞ்சு, மது, பன்றிக்கால் எல்லாம் சமாளித்துவிடலாம். மாமியார் மருமகளுக்குப் போடும் நான்கு தங்க நகைகளில் நம் தாலிக்கொடியையே ஒன்றாகக் கணக்கு வைக்கலாமா? அம்மாவின் கேள்வி இது. பெண் வீட்டாருக்கு எத்தனை மேசைகளை நாம் ஏற்பது வழக்கம்? சைவ உறவினர் முப்பது பேரைத் தனி மேசைகளில் அமர்த்தினால் விலை குறையுமா?

முன்பணம் கட்ட அடுத்த வாரம் வரைதான் அவகாசம். செலவுப் பட்டியல் வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் பேருதவி.