யாவராட்டில் ஒரு மாலை: ஆறு பேர், ஒருவர் சைவம், ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை

மிளகுதக்காளி:
ஏப்ரல் 10 முதல் 15 வரை பாங்காக்கில் இருப்போம். அதில் ஒரு மாலை முழுக்க அங்கே சைனா டவுனான யாவராட்டின் தெருக்கடைகளுக்கு என்று முடிவு. ஒரு தோழி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். ஒரு நண்பருக்கு வேர்க்கடலை ஆகாது. மற்றவர்களுக்கு மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம். எந்த நாள் போகலாம், எப்படி வாங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:
13, 14, 15 மூன்று நாளும் சோங்க்ரான், அதாவது தாய்லாந்துப் புத்தாண்டு. கடைக்காரர்கள் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள், தெருவெல்லாம் தண்ணீர் அடிப்பார்கள். அதனால் 12க்குள் முடித்துவிடுங்கள். திங்கட்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று யாவராட்டில் நடைபாதைக் கடைகள் பெரும்பாலும் விடுமுறை.

மெட்ரோவில் வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கி, பிளேங் நாம் தெரு வழியாக நடந்தால் சில நிமிடத்தில் யாவராட். ஆறு மணிக்கு மேல்தான் தள்ளுவண்டிகள் முழுதாக வந்து நிற்கும். ஏழரைக்குப் பிறகு ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் மேசை கிடைப்பது கஷ்டம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து உட்காருங்கள்.

முதல் கடையிலேயே ஆளுக்கொரு தட்டு வாங்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. மூன்றாவது கடையில் வயிறு நிறைந்துவிடும். ஒரு கடைக்கு இரண்டு தட்டு, மூன்று பேருக்கு ஒன்று. இந்தக் கணக்கில் ஐந்தாறு கடை தாராளமாகப் பார்க்கலாம். மிளகுக் காரத்தோடு பன்றிக் குடல், ஈரல் போட்ட குவாய் ஜாப் சூப்பை முதலில் குடியுங்கள். ஹொய் தொட் (மாவும் முட்டையும் சிப்பியும் சேர்த்து வார்ப்பது) கல்லிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட வேண்டும். ஓரம் மொறுமொறுவென்று இருப்பதெல்லாம் ஐந்து நிமிடம்தான், சிப்பியின் நீர் இறங்கியதும் தொளதொளவென்று ஆகிவிடும். பார்சல் வாங்கவே வாங்காதீர்கள்.

சுட்ட இறால், மீன் கடைகளில் பலகையைக் கவனியுங்கள். விலை சில இடங்களில் கிலோவுக்கு இருக்காது, ‘கீத்’ கணக்கில் இருக்கும். ஒரு கீத் என்றால் 100 கிராம். எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகு அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். 20, 50, 100 பாட் தாள்களாகக் கையில் வைத்திருங்கள்.

அரைப்படி:
சைவத் தோழிக்கு இறைச்சியைத் தவிர்ப்பது பெரிய வேலையே இல்லை. நம் பிளா (மீன் சாறு), சிப்பி சாஸ், காய்ந்த இறால் இந்த மூன்றும்தான் தொல்லை. ‘மாய் சாய் நம் பிளா’ என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று அர்த்தம். ஆனால் பாட் தாய் (வதக்கிய அரிசி நூடுல்ஸ்) கடையில் புளி, பனைவெல்லம், மீன் சாறு மூன்றையும் முன்கூட்டியே காய்ச்சிப் பாத்திரத்தில் வைத்திருப்பார்கள். அங்கே சொல்லிப் பயனில்லை. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று தொங்கும் கடை பாதுகாப்பு. அங்கே முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. கனொம் க்ரோக்கும் பொதுவாகக் கைகொடுக்கும். நம்ம பணியாரக் குழி போன்ற கல்லில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மேலே சோளமோ வெங்காயத்தாளோ தூவிச் சுடுவது.

வேர்க்கடலை விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘பே துவா லிசோங்’ என்று சொல்வதோடு, தாய் எழுத்திலும் போனில் வைத்துக் காட்டுங்கள். பாட் தாய், சாதே (கடலைச் சாஸோடு வரும் குச்சி இறைச்சி), சோம் தம் (பப்பாளிக்காயை இடித்துச் செய்வது) மூன்றையும் அவர் தொடவே வேண்டாம். கடலை வேண்டாம் என்று சொன்னாலும் அதே வாணலி, அதே உரல்தானே. சில நூடுல்ஸ் கடைகளில் மேசைமேல் சர்க்கரை, மிளகாய்த்தூளோடு பொடித்த கடலையும் இருக்கும், அந்தக் கரண்டி எல்லாக் கிண்ணத்திலும் போய் வரும். ஒவ்வாமைக்கான மருந்து ஊசி அவர் பையிலேயே இருக்கட்டும், ஹோட்டலில் வேண்டாம். தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் எண் 1669.

மிளகுதக்காளி:
மிக்க நன்றி. மற்றவர்கள் சோம் தம் சாப்பிடலாம் இல்லையா? காரம் எங்களுக்குப் பழக்கம்தான்.

அரைப்படி:
பச்சை மிளகாயை எண்ணெயில் தாளித்துச் சாப்பிடுகிற பழக்கம் இங்கே உதவாது. சோம் தம்மில் ஊசிமிளகாயைப் பூண்டோடு பச்சையாகவே இடிக்கிறார்கள், காரம் நேராக நாக்கில் ஏறும். ‘ப்ரிக் சோங் மெத்’, அதாவது இரண்டு மிளகாய் என்று எண்ணிக்கை சொல்லி ஆரம்பியுங்கள். வெறுமனே ‘காரம் வேண்டும்’ என்றால் எட்டு, பத்து விழலாம். ‘சோம் தம் தாய்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். ‘பூ பிளா ரா’ வகையில் சமைக்காத உப்பு நண்டும் ஊறவைத்த மீனும் சேரும், வயிற்றுக்கு அது சோதனை. கையோடு ஒட்டரிசிச் சாதம் ஒரு பொட்டலம் வாங்குங்கள். எரிச்சலைத் தண்ணீரைவிடச் சாதம் நன்றாக அடக்கும்.

கடலோடி:
ஏப்ரல் என்பதால் மாம்பழ ஒட்டரிசியைத் தவறவிடாதீர்கள், ‘நம் டொக் மாய்’ ரக மாம்பழம் அப்போதுதான் நல்ல பதத்தில் வரும். சோறு பளபளவென்று, பருக்கை பருக்கையாகத் தெரிய வேண்டும். குழைந்து கிடந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். மேலே தூவுவது வறுத்த பாசிப்பருப்பு. கடலை நண்பர் அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். மிச்சத்தை அறைக்கு எடுத்துப் போகாதீர்கள். வெளியே வைத்தால் தேங்காய்ப்பால் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கல்லாகிவிடும்.