அப்பாவுக்குக் கை பொத்துப் பொத்தென்று விழுகிறது, நரம்புத் தளர்ச்சியா?

தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்:
அப்பாவுக்கு 63 வயது, செம்பனைக் குலை வெட்டியவர். கல்லீரல் சுருங்கிவிட்டது என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள். நாலு நாளாகக் கையில் எதுவும் நிற்பதில்லை, நேற்று கோப்பி கிளாஸ் நழுவி உடைந்தது. மடியில் வைத்திருந்தால் கை ஆடுவதில்லை, எதையாவது வாங்க நீட்டினால்தான் மணிக்கட்டு தொங்கி, உடனே நிமிர்கிறது. ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறார், பகலில் தூங்குகிறார். பெரியப்பா நரம்புத் தளர்ச்சி, எண்ணெய் தேய் என்கிறார். கிளினிக்கில் வைட்டமின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பழைய டிரெசர்:
தம்பி, எண்ணெயை ஓரமாக வை. முதலில் அப்பாவைக் கைகளை முன்னால் நீட்டச் சொல், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்து, கண்ணை மூடி அரை நிமிடம் வைத்திருக்கட்டும். கை இறக்கை அடிப்பது போல விழுந்து விழுந்து எழுந்தால் அதற்கு ஆஸ்டெரிக்சிஸ் என்று பெயர். பார்க்க நடுக்கம் மாதிரி இருந்தாலும் நடுக்கம் இல்லை, கையைத் தூக்கிப் பிடிக்கும் தசை கண் இமைக்கும் நேரம் வேலையை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். 1949-இல் ஆடம்ஸ், ஃபோலி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கல்லீரல் நோயாளிகளிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். கல்லீரல் கழிக்காமல் விட்ட அமோனியா மூளையைப் பாதிக்கிறது, தூக்கம் தலைகீழானதும் அதனால்தான் இருக்கும். வயிறு சரியாகப் போகிறதா? மலம் கறுப்பாக இருக்கிறதா? காய்ச்சல் உண்டா? தூக்க மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? எதுவானாலும் இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, மருந்துப் பையையும் எடுத்துக்கொள்.

தெலுக் இந்தான் அக்கா:
எங்கள் அம்மாவுக்கும் இப்படியே அடித்தது, அவருக்குச் சிறுநீரகம், டயாலிசிஸ் தொடங்கியதும் நின்றது. அதனால் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. ஒரு பக்கக் கை மட்டும் விழுந்தால் பக்கவாதமாகவும் இருக்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னார்.

தோட்டத்துப் பையன்:
செய்து பார்த்தேன் ஐயா, இரண்டு கையும் விழுகிறது. மூன்று நாளாக வெளிக்கே போகவில்லையாம், என்னிடம் சொல்லவே இல்லை. கார் ஏற்பாடு செய்துவிட்டேன்.

பழைய டிரெசர்:
மலச்சிக்கலே இதைக் கிளப்பிவிடும். லாக்டுலோஸ் சிரப் கொடுப்பார்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகவேண்டும், வீட்டுக்கு வந்த பிறகு கை சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். யாராவது மீன், முட்டை ஆகாது என்று அப்பாவைப் பட்டினி போடச் சொன்னால் கேட்காதே, தசை கரைந்தால் இன்னும் மோசமாகும்.

தோட்டத்துப் பையன்:
வார்டில் சேர்த்து மூன்று நாள் ஆகிறது. கை இன்னும் லேசாக விழுகிறது, ஆனால் இன்று காலை கோப்பியை அவரே பிடித்துக் குடித்தார்.